கீறல்கண்ணர்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு விஜயதசமி அன்று, புதன்கிழமை. விமான நிலையத்துக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பெரியப்பா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கார் வாங்கியிருந்தார். கறுப்பு, ஜெர்மன், எதிரே வந்தால் ஆட்டோக்காரர்கள்கூட ஒரு அடி விலகிப் போகும் வகை. காலை ஏழு மணிக்கு இரண்டு பெட்டிகளோடு ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் குடியிருப்பின் வாசலில் நின்றேன். பெரியப்பா தெருமுனை வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சரியில்லை.

"தெரு பூரா பூசணிக்காய உடைச்சுப் போட்டிருக்கானுவ பிரியா. டயர் ஏறுச்சுன்னா தெறிக்கும். உள்ள குங்குமம் வேற. பெயிண்ட்ல பட்டுக் காஞ்சா அவ்வளவுதான்."

பிறகு அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தினார். அவரே பெட்டிகளைத் தூக்கி வைத்தார். என்னோடு ஏறிக்கொண்டு மீனம்பாக்கம் வரை வந்து, கண் கலங்கி வழியனுப்பிவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பிப் போனார். பாசத்தில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இனத்தாரைக் கல்நெஞ்சர்கள் என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் கீறல்கண்ணர்.

கார் பைத்தியம் வேறு, இது வேறு. கார் பைத்தியத்துக்கு வேகம் வேண்டும், எஞ்சின் உறுமல் வேண்டும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். கீறல்கண்ணருக்கு எஞ்சின் இருப்பதே தற்செயல். அவர் வாங்கியது பெயிண்ட். அது நிற்பதற்கு அடியில் ஏதாவது வேண்டுமே என்று ஒரு காரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். அடையாற்றில் ஏதாவது ஒரு நல்ல ஓட்டலுக்குள் ஞாயிற்றுக்கிழமை காலை நுழையுங்கள். ஜன்னலோர மேசையில், பெண்டாட்டி பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இட்லியைச் சாம்பார்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வெறும் மேசையில் தோய்த்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் தெருவையே பார்க்கிறாரே, அவர்தான். காரை நிறுத்தித் தருகிறேன் என்று சாவி கேட்ட ஓட்டல் ஊழியரை ஏதோ பெண் கேட்டு வந்த ஊர்பேர் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அரை கிலோமீட்டர் தள்ளி, மரம் இல்லாத, மின்கம்பி இல்லாத, அதனால் காக்கையும் இல்லாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்து நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்திருப்பார்.

அவருடைய எதிரிகளை எண்ணி மாளாது. காக்கை, புறா, வேப்பமரத்துப் பிசின், வாதாம் இலை, மெட்ரோ தோண்டும் தூசி, போர் தண்ணீரின் உப்பு, பால்கனித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் மூன்றாம் மாடி மாமி, ஸ்கூட்டர் கைப்பிடி, பெல்ட் கொக்கி, வளையல், சாய்ந்து நின்று பேசும் மைத்துனர், தூசி படிந்த கண்ணாடியைக் கண்டதும் விரலால் தன் பெயரை எழுதத் தோன்றும் மனித குலம், எல்லாருக்கும் மேலாக, குடியிருப்பில் உள்ள முப்பது கார்களையும் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே பழைய பனியனிலும் விடிவதற்குள் துடைத்து முடித்துவிடும் கார் துடைப்பவர். பூனை மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. சூடான பானெட்டில்தான் பூனை ஏறிப் படுக்கும். பெரியப்பாவின் பானெட் சூடானதே கிடையாது.

பெரியப்பாவின் பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தி.நகரில் பாத்திரக் கடை வைத்து, முப்பத்தைந்து வருஷமாகிறது. கடைக்கு அவர் போவது கடையின் பழைய டி.வி.எஸ்.ஸில். ஒரு முறை அங்கே உட்கார்ந்திருந்தேன். நான்கு நாள் முன்பு வாங்கிய எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். இடுப்பில் வைத்ததில் கோடு கோடாக விழுந்துவிட்டது என்று முறையிட்டார். பெரியப்பா குடத்தை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அன்பாகச் சொன்னார்:

"புழங்குற பாத்திரம்னா கோடு விழத்தாம்மா செய்யும். கோடே விழக்கூடாதுன்னா கடையிலயே வச்சிருங்க, நான் பத்திரமா பாத்துக்கிடுதேன்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போனார். இவ்வளவு தெளிந்த ஞானம் படைத்த ஒருவர் வீட்டுக்கு வந்து கீழ்த்தளத்தில் இறங்கியதும் அது எங்கே போகிறது? தெரியவில்லை. டி.வி.எஸ்.ஸிலேயே இருந்துவிடுகிறது போலும்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மார்கழியில் திரும்பி வந்தேன். பெரியம்மா பங்கஜம் காபி கலக்கப் போனார். அதற்குள் பெரியப்பா என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். காரின் மேல் முதலில் ஒரு மெல்லிய உறை, அதற்கு மேல் ஒரு கனத்த உறை. இரண்டையும் நீக்க ஏழு நிமிஷம் ஆயிற்று. இழுக்கக் கூடாது, சுருட்ட வேண்டும். பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

"பாத்தியா?"

"என்ன பெரியப்பா?"

"நேரா பாத்தா எவனுக்கும் தெரியாது. குனிஞ்சு, சரிச்சு பாரு. சிலந்தி வல மாதிரி வட்ட வட்டமா இருக்கு பாரு."

குனிந்து பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலயே."

"மூணு வருஷம் ஊர் ஊரா சுத்தி என்னத்தப் பாத்துட்டு வந்த நீ?"

கீறல்கண்ணரின் காரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் உங்களுக்குக் கண் இல்லை. "ஆமாம், இங்கே ஒன்று இருக்கிறதே" என்று அவர் காட்டாத இடத்தைக் காட்டினால் அவருக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. மூச்சை லேசாக உள்ளே இழுத்து, "ம்ம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் பேசக் கூடாது. தொடக் கூடாது. தும்மல் வந்தால் லிஃப்டுக்குப் போய்விட வேண்டும்.

"பேப்பர் படிக்கக் கண்ணாடி வேணும்," என்றார் பெரியம்மா, மேலே வந்ததும். "எனக்குக் காது குத்தி மூக்கு குத்தி எல்லாம் ஆச்சு, எந்தப் பக்கம் மூக்குத்தின்னு கேட்டுப் பாரு, தெரியாது. வண்டியில மயிரிழை கிடந்தா தெரியும்."

பூஜா தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் பெரியப்பாவின் ஒரே மகள், வங்கியில் வேலை. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் பிரணவ். கார் வாங்கிய அன்றைக்கே பெரியப்பா எல்லார் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: பூஜா கல்யாணத்தன்று மண்டபத்துக்கு இந்தக் காரில்தான் போவாள். அவரே ஓட்டுவார். இருபத்தெட்டு வயதாகிறது பூஜாவுக்கு. நகை வேண்டாம், சீர் குறைவாகச் செய்யுங்கள் என்று எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தவள், இந்த ஒன்றை மட்டும் விடவில்லை.

"மூணு வருஷமா நான் அந்த வண்டில நாலு தடவை உக்காந்திருக்கேன்கா," என்றாள். "நாலு தடவையும் செருப்பைக் கையில வச்சிருந்தேன். கல்யாணத்தன்னிக்கு செருப்புப் போட்ட காலோட ஏறுவேன். இறங்குவேன். மண்டபத்து வாசல்ல எல்லாரும் பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"எல்லாம் அதுக்குத்தானட்டி செய்யுதேன்," என்றார் பெரியப்பா.

அது உண்மை. மூன்று வருஷமாக அந்தக் கார் ஓடியது இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அதில் முக்கால்வாசி, கீறலை எடுக்க ஃபராஸ் என்பவர் கடைக்குப் போய் வந்தது. மீதியைப் போகிற வழியில் புதிய கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கத் திரும்பிப் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபராஸ் பாய் கடை மயிலாப்பூரும் ராயப்பேட்டையும் முட்டிக்கொள்ளும் ஒரு சந்தில் இருக்கிறது. கார் டீடெய்லிங் என்று பலகை. உள்ளே போனால் பல் டாக்டர் கிளினிக் மாதிரி வெளிச்சம். வெறும் கார் கழுவும் இடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஃபராஸ் அதை ஒரு சடங்கைப்போல நடத்திக் காட்டினார். முதலில் நுரையைப் பீய்ச்சி ஊற விட வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்று துணியை அலச மட்டும். அப்புறம் ஒரு களிமண் கட்டியை ஈரத்தில் நழுவ விட்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் துகளை எல்லாம் எடுக்க வேண்டும். தண்ணீரைத் துடைக்கவே கூடாது. துணியை விரித்து வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியில் மிஷினில் பஞ்சு வட்டை மாட்டி, பாலிஷ் வைத்து, பூப்போலச் சுற்ற விட வேண்டும். அவர் வேலை செய்யும்போது பார்த்தால் யாருக்கும் மரியாதை வரும். எனக்கும் வந்தது.

"கீறலை எப்படி பாய் எடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கீறலை யாரும் எடுக்க முடியாது மேடம்," என்றார். "பள்ளத்தை இன்னான்னு எடுக்கிறது? சுத்தி இருக்கிற பெயிண்டை எடுக்கிறோம். அது இறங்கி இறங்கிப் பள்ளத்தோட அடிக்கு வந்துட்டா, அப்பால கீறல் இல்ல."

இதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். பெரியப்பா சிரிக்கவில்லை. ஒரு பொருளைக் காப்பாற்ற ஒரே வழி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அழிப்பதுதான் என்பதில் அவருக்கு எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

அன்று அவர் போனது ஒரு புதிய கீறலுக்காக. அதை உண்டாக்கியவர் சம்பந்தி. மாப்பிள்ளையின் அப்பா விஜயராகவன், கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பார்க்க வந்தவர், கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போகப்பட்டு, மூச்சை உள்ளிழுக்கும் விதி தெரியாத நல்ல மனிதராகையால், "பிரமாதம் சம்பந்தி, நம்ம பூஜா இதுலதானே வரப்போறா" என்று பூரித்துப்போய் பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். நவரத்தின மோதிரம் போட்ட கையால். தட்டியதோடு நிற்காமல் தடவியும் கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் பெரியப்பா கையைப் பிடித்திருப்பார். சம்பந்தி கையைப் பிடிக்க முடியுமா? சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பை நான் பல் பிடுங்கும் நாற்காலிகளில் பார்த்திருக்கிறேன்.

கீறல் ஒரு கடுகு நீளம். ஃபராஸ் பார்த்தார். பேனா அளவு கருவி ஒன்றைப் பானெட்டில் அங்கங்கே வைத்து எடுத்தார்.

"அண்ணாச்சி, இங்க வாங்க. புதுசுல நூத்திப் பதினெட்டு மைக்ரான் இருந்துச்சு. இப்ப இந்த ஓரத்துல எண்பத்தாறு. தலைமுடி ஒண்ணு எவ்ளோ தடிமன் தெரியுமா? இதே அளவுதான். மொத்தப் பெயிண்டே ஒரு முடி. அதுல மேல இருக்கிற கண்ணாடிப் பூச்சு இன்னும் கொஞ்சூண்டுதான் கீது. நான் மிஷின் வைக்க மாட்டேன்."

"கல்யாணம் வருது பாய்."

"அதனாலதான் வைக்க மாட்டேங்கிறேன்."

"லேசா."

"லேசால்லாம் ஒன்பது தபா வச்சாச்சு அண்ணாச்சி. பஞ்சு கறுப்பாச்சுன்னா கலர் போவுதுன்னு அர்த்தம். அப்பால ஆண்டவனே வந்தாலும் பெயிண்ட் அடிச்சுத்தான் ஆவணும். விடுங்க. கடுகு. யார் பாக்கப் போறா?"

யார் பார்க்கப் போகிறார்கள்? கீறல்கண்ணரிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. நீங்கள் கும்பிடும் சாமி நிஜமாகவே இருக்கிறதா என்று கோயில் வாசலில் நின்று கேட்பது மாதிரி. பெரியப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியில் ஒரு வார்த்தை: "கடை பெருசாயிட்டா எல்லாவனுக்கும் தலைக்கனம் வந்துருது."

பிறகு எல்லாக் கீறல்கண்ணர்களும் ஒரு நாள் செய்வதை அவரும் செய்தார். செல்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டியதை இருபது தடவை பார்த்தார். ஒரு மிஷினை வரவழைத்தார்.

கல்யாணம் வியாழக்கிழமை. திங்கட்கிழமை மத்தியானம் நானும் பெரியம்மாவும் பூஜாவும் பாண்டி பஜாரில் ரவிக்கை வாங்கப் போயிருந்தோம். திரும்பி வரும்போது கீழ்த்தளத்தில் பெரியப்பா காரின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். வேட்டி பூராவும் வெள்ளைத் துளிகள். மிஷின் பக்கத்தில் கிடந்தது. அதன் பஞ்சு வட்டு கறுப்பாக இருந்தது. பானெட்டின் ஓரத்தில், சம்பந்தியின் கடுகு இருந்த இடத்தில், பழைய எட்டணா அளவுக்கு ஒரு சாம்பல் நிற வட்டம். அதற்கு டார்ச் வேண்டாம். லிஃப்டிலிருந்தே தெரிந்தது.

பெரியம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "எந்திரிங்க, தரை குளிரும்," என்றார். பூஜா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது பெயிண்டை அல்ல. வியாழக்கிழமையை.

ஃபராஸ் அழைத்தவுடன் வந்தார். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு எதுவும் கொடுக்கலாம். குனிந்து விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"பஞ்சு கறுப்பாச்சா?"

"ஆச்சு."

"அப்புறமும் வச்சீங்களா?"

"ரெண்டு சுத்து."

"ரெண்டா?"

"நாலு."

ஃபராஸ் நிமிர்ந்தார். "ஒண்ணும் கெட்டுப் போகல அண்ணாச்சி. கல்யாண வண்டிக்கு இங்கதானே பூ ஒட்டுவாங்க? கொத்தை ஒரு சாண் இப்படித் தள்ளி வைக்கச் சொல்லுங்க. மூடிக்கும். கல்யாணம் முடியட்டும், மெதுவா பெயிண்ட் அடிச்சுக்கலாம்."

எங்கள் எல்லாருக்கும் உயிர் வந்தது. பெரியம்மா உடனே பூக்காரருக்கு போன் போடப் போனார். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பூவுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமே பாய்."

செவ்வாய்க்கிழமை பானெட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். புதன் சாயங்காலம் கார் வந்தது. நான் ஒத்துக்கொள்கிறேன், அழகாக இருந்தது. ஒரு கறுப்புக் குளத்தைச் செவ்வகமாக வெட்டி வைத்ததுபோல. பெரியப்பா மூன்று வருஷத்தில் முதல் தடவையாக டார்ச் இல்லாமல் பார்த்தார். ஃபராஸ் மட்டும் புறப்படும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார்.

"ஓட்டலாம் அண்ணாச்சி. ஒரு மாசத்துக்குப் பெயிண்ட் மேல எதையும் ஒட்டாதீங்க. டேப் பட்டா உரிச்சுக்கினு வந்துடும்."

வியாழக்கிழமை காலை. வரவேற்பு முந்தின நாள் இல்லாமல் அன்று சாயங்காலம்தான் என்பதால் பெண் வீட்டிலிருந்துதான் தி.நகர் மண்டபத்துக்குப் போக வேண்டும். ஏழரைக்கு மேல் முகூர்த்தம். ஆறு மணிக்குப் பூஜா அரக்குக் கூறைப்புடவையில், தலை கொள்ளாத பூவோடு கீழே இறங்கி வந்தாள். பெரியப்பா பட்டு வேட்டியில் கார் பக்கத்தில் நின்றார். உறவுக்காரப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். பூக்காரர் ரோஜாவும் சாமந்தியுமாக ஒரு பெரிய கொத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயில் டேப் சுருளைக் கவ்வியபடி காத்திருந்தார். கல்யாணத்துக்கு வந்த ஃபராஸ், வண்டியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நேராக இங்கே வந்திருந்தார்.

"பூ வேண்டாம்ப்பா," என்றார் பெரியப்பா பூக்காரரிடம்.

பெரியம்மா திரும்பினார். மூன்று வருஷமாக எதற்கும் திரும்பாதவர். "பூ இல்லாத வண்டியிலயா கல்யாணப் பொண்ணு போவா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? துட்டி வீட்டுக்குப் போற வண்டிதான் பூ இல்லாம போவும்."

"சாவு வண்டிக்கும் பூ போடுவாங்கம்மா," என்றார் பூக்காரர் உதவியாக. "சார், எனக்கு இன்னும் மூணு வண்டி கீது. எதுல ஒட்டறதுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன்."

பூவோடு போனால் பெயிண்ட் போகும். பூவில்லாமல் போனால் பங்கஜம் பெரியம்மா போக மாட்டார். பெரியப்பா பானெட்டைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். பூஜாவைப் பார்த்தார். மணி ஆறே கால்.

"அப்பா," என்றாள் பூஜா. சத்தமாகச் சொல்லவில்லை. "நான் இந்த வண்டியில போறேனா இல்லையா?"

"போற தாயி. யாரு போகலன்னா? பூவ..." என்று சொல்லி, அவர் தன் வாழ்நாளில் கண்டுபிடித்த மிகச் சிறந்த தீர்வை எங்கள் முன் வைத்தார். "பூவ மடியில வச்சுக்கிட்டுப் போனா என்ன?"

பூஜா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் பெரியப்பா தப்பித்திருப்பார்.

"பாய், உங்க வண்டி எங்க நிக்குது?"

"வெளிய நிக்குதும்மா. அது இன்னா..." ஃபராஸுக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. ஊரில் உள்ள கார்களை எல்லாம் கண்ணாடியாக்குகிறவரின் கார் ஒரு பழைய சில்வர் நிற மாருதி. நான்கு பக்கமும் நான்கு நிறத்துக் கோடு. பஸ் தடவிய சிவப்பு, ஆட்டோ தடவிய மஞ்சள். பின் கண்ணாடியில் யாரோ எழுதிய 'ஹஸன்' இன்னும் அழியவில்லை.

"ஓடுமா?"

"ஓடும். அது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும்."

பூக்காரருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பல்லால் டேப்பைக் கடித்து, பானெட்டில், கண்ணாடியில், கதவில், கைப்பிடியில், எங்கே எல்லாம் இடமிருந்ததோ அங்கே எல்லாம் ஆசை தீர ஒட்டினார். பெண்கள் ஆரத்தி சுற்றி, சிவப்புத் தண்ணீரை டயர் முன்னால் ஊற்றி, மிச்சத்தை விரலால் தொட்டு பானெட்டில் பொட்டும் வைத்தார்கள். பூஜா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள்.

"செருப்பைக் கழட்டணுமா பாய்?"

"வேணாம்மா. அப்படியே ஏறு."

நான் பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய சாலைக்கு வந்ததும் அவள் தலைப் பூவைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஜன்னலை இறக்கலாமா?" என்று கேட்டாள். இறக்கினார்கள். காற்றில் ரோஜா இதழ் ஒன்று உள்ளே வந்து விழுந்தது. யாரும் வண்டியை ஓரங்கட்டவில்லை.

பெரியப்பா இருபது நிமிஷம் கழித்து டி.வி.எஸ்.ஸில் வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "அந்த வண்டி வரலையா?" என்று சம்பந்தி விஜயராகவன் வாசலிலேயே கேட்டார். "அதுக்கு உடம்பு சரியில்ல," என்றார் பெரியப்பா. வாய் தவறி வந்ததா, யோசித்துச் சொன்னதா, நான் கேட்கவில்லை.

தாரை வார்க்கும்போது நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். பூஜாவின் கையும் பிரணவின் கையும் சேர்ந்திருந்தன. பெரியம்மா செம்பிலிருந்து தண்ணீரை விட்டார். நான்கைந்து துளி பூஜாவின் மணிக்கட்டில் தங்கி நின்றது. பெரியப்பாவின் இடது கை அவரைக் கேட்காமலே தோள் துண்டின் நுனியை எடுத்தது. அந்தத் துளிகளின் மேல் வைத்தது. தேய்க்கவில்லை. ஒற்றி எடுத்தது. ஒவ்வொன்றாக.

"அண்ணாச்சி, தண்ணி இருக்கட்டும், அது சாஸ்திரம்," என்றார் புரோகிதர்.

"காஞ்சா தடம் விழும்," என்றார் பெரியப்பா. அவர் கன்னத்தில் ஓடியதை யாரும் ஒற்றவில்லை. பூஜா அதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். கையை விலக்கிக்கொள்ளாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு நேரம் நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாவம், பாத்திரக் கடைக்காரர், ஜெர்மன் கார், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று. நீங்கள் அப்படி இல்லை. புது செல்பேசியை வாங்கிய முதல் வாரம் அதை மேசைமேல் எப்படி வைத்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். ஷோகேசில் இருக்கும் பீங்கான் தட்டுகளில் கடைசியாக யார் சாப்பிட்டது என்றோ, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரே ஒரு குறையை வருஷக் கணக்காகத் தேய்த்துத் தேய்த்து எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறீர்கள் என்றோ கேட்பது மரியாதை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கீறல்கண் பிறவியில் வருவது அல்ல. அடுத்தவர் பொருளைப் பார்க்கிற வரை எல்லாருக்கும் நல்ல கண்தான். நம்முடையது என்று ஒன்று கைக்கு வருகிற அன்றைக்குத்தான் அது திறக்கிறது. திறந்தது மூடியதாக நான் சுற்றிய ஊர்களில் எங்கேயும் கேள்விப்படவில்லை.

மாசி பிறப்பதற்குள் நான் மறுபடியும் கிளம்பிவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து, பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாத ஒரு ஊரின் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது பூஜாவிடமிருந்து செய்தி வந்தது.

"அக்கா, எப்படி இருக்கே? அப்பா போன மாசம் காரை எங்களுக்கே கொடுத்துட்டார். ஓட்டுங்க, எனக்குக் கண் சரியாத் தெரியலன்னு சொல்லிட்டார். நல்லா ஓடுது. நேத்து மகாபலிபுரம் வரைக்கும் போனோம். ஃபராஸ் பாய் நம்பர் மாறிடுச்சா? எடுக்க மாட்டேங்கிறார். உன்கிட்ட வேற நம்பர் இருந்தா அனுப்பு. பின் கதவுல சின்னதா ஒரு கோடு இருக்கு. பிரணவ் ஒண்ணுமே இல்லங்கிறார். எதிர்வெயில்ல, கொஞ்சம் குனிஞ்சு பாத்தா எனக்கு நல்லாத் தெரியுது."